நான்கு சான்றிதழ், ஒரே கட்டணம்: இந்தத் துண்டறிக்கையை நம்பிச் சேரலாமா?

சிறுவாணி (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு, ஒரு நூற்பாலை அலுவலகத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலையில் இருக்கிறேன். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுப்பது, கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிது கொடுப்பது, விண்டோஸ் நிறுவுவது, இவைதான் அன்றாடம். சர்வர் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சைத் தொட அனுமதி இல்லை. பழுதென்றால் சென்னையிலிருந்து ஓர் ஒப்பந்ததாரர் வருவார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன்.

நெட்வொர்க் அல்லது சர்வர் நிர்வாகப் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தின் துண்டறிக்கை கிடைத்தது. "சிசிஎன்ஏ, சிசிஎன்ஏ செக்யூரிட்டி, எம்சிஎஸ்இ, ஆர்எச்சிஇ. நான்கும் ஆறே மாதத்தில். கட்டணம் 65,000 ரூபாய். நூறு சதவீத வேலை உத்தரவாதம்." முதல் இரண்டும் சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்கள், எம்சிஎஸ்இ மைக்ரோசாஃப்டுடையது, ஆர்எச்சிஇ ரெட் ஹாட் லினக்ஸுடையது. தவணையிலும் கட்டலாமாம். நகையை அடகு வைத்து மொத்தமாகக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கன்சோல் (சென்னை)

தம்பி, முதலில் நகையைப் பீரோவிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் துண்டறிக்கையில் உள்ள நான்கில் இரண்டு சான்றிதழ்கள் இப்போது இல்லவே இல்லை. சிசிஎன்ஏ செக்யூரிட்டி என்ற தனிச் சான்றிதழை சிஸ்கோ 2020 பிப்ரவரி 24ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ரவுட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று பிரிந்து கிடந்த சிசிஎன்ஏக்களை அன்று ஒன்றாக்கி, 200-301 என்ற ஒரே தேர்வை வைத்தார்கள். எம்சிஎஸ்இயை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31 அன்று மூடிவிட்டது. அதன் இடத்தில் இன்று இருப்பவை, அதன் கிளவுடான அசூரின் நிர்வாகிக்கான ஏஇசட்-104, விண்டோஸ் சர்வருக்கான ஏஇசட்-800, 801 போன்றவை. இல்லாத தேர்வுக்கு ஆறு மாதம் வகுப்பு எடுப்பார்களாம்!

மூன்றாவது, ஆர்எச்சிஇ. ரெட் ஹாட்டின் முந்தைய படிச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ கையில் இல்லாதவருக்கு ஆர்எச்சிஇ கொடுக்க மாட்டார்கள். துண்டறிக்கையில் ஆர்எச்சிஎஸ்ஏவின் பெயரே காணோம். அதோடு ரெட் ஹாட் 8ஆம் பதிப்பிலிருந்து ஆர்எச்சிஇ முழுக்க ஆன்சிபிள் என்ற கருவியைக் கொண்டு பல சர்வர்களைத் தானியக்கமாக நிர்வகிக்கும் தேர்வாகிவிட்டது. அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆர்எச்சிஇ தேர்வின் எண் என்ன?" இஎக்ஸ்294 என்றால் உட்கார்ந்து பேசலாம். இஎக்ஸ்300 என்றால் அது 7ஆம் பதிப்புக் காலத்துத் தேர்வு. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சிறுவாணி (கோவை)

மிக்க நன்றி ஐயா. இன்று மதிய உணவு இடைவேளையில் தொலைபேசியில் கேட்டேன். "எண்ணெல்லாம் ஆசிரியருக்குத்தான் தெரியும், முன்பணம் 5,000 கட்டினால் அவரிடம் பேசலாம்" என்றார்கள். தேர்வுக் கட்டணம் இதில் சேருமா என்று கேட்டேன். அது தனி என்றார்கள்.

வேளச்சேரி வேந்தன்

தேர்வுக் கட்டணம் எப்போதும் தனிதான், அதில் தவறில்லை. சிசிஎன்ஏ 300 டாலர், வரி தனி. ஆனால் அதைத் துண்டறிக்கையில் போடாமல் விடுவது தந்திரம். பலர் பாடக் கட்டணத்தைக் கட்டியதும் கை காலியாகித் தேர்வே எழுதாமல் நின்றுவிடுகிறார்கள். பிறகு பயிற்சி நிலையம் தன் முத்திரை குத்திக் கொடுத்த "பாடநெறி நிறைவுச் சான்றிதழை" விண்ணப்பத்தோடு இணைக்கிறார்கள். அது சிஸ்கோ கொடுத்ததல்ல. நாங்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்துக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். சிசிஎன்ஏ இருந்தால் மனிதவளத் துறை விண்ணப்பத்தை என் மேசைக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. அதன் பிறகு நான் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி: "பயனரின் கணினிக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி வந்திருக்கிறது. என்ன நடந்திருக்கும்?"

முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் கணினி தனக்குத்தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பாதிப் பேர் சொல்வார்கள். நல்லது. "சர்வர் நன்றாக இயங்குகிறது, பக்கத்து மாடியில் எல்லோருக்கும் முகவரி வருகிறது. இந்த மாடியில் மட்டும் வரவில்லை. எங்கே பார்ப்பாய்?" என்றால் அறை அமைதியாகிவிடும். டிஎச்சிபி கேட்பது பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் போகும் செய்தி. பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. எனவே அந்த விலானின் (ஸ்விட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) கேட்வேயில் (வெளியே போகும் வாசல்), கேள்வியை டிஎச்சிபி சர்வருக்கு அனுப்பி வைக்கும் ஹெல்ப்பர் முகவரி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மனப்பாடம் உதவாது. ஒருமுறையாவது தன் கையால் கட்டி, அது வேலை செய்யாமல் தவித்தவனுக்கு இந்தப் பதில் தானாக வரும்.

மேகநாதம்

மன்னிக்கவும், நீங்கள் எல்லோரும் பத்தாண்டு பின்னால் நிற்கிறீர்கள். இன்று யார் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்? எல்லாம் கிளவுட். சிசிஎன்ஏ படிப்பது வீண். நேராக அமேசான் கிளவுட் சான்றிதழுக்குப் போங்கள், ஒரு நிரல் மொழி கற்றுக்கொள்ளுங்கள், முடிந்தது.

பழைய கன்சோல் (சென்னை)

மேகத்தில் இருப்பவரே, அமேசானில் விபிசி, அதாவது கிளவுடில் உங்களுக்கென்று ஒரு தனி நெட்வொர்க், கட்டியிருக்கிறீர்களா? கட்டும்போது முதல் கேள்வியே "எந்த முகவரித் தொகுதி?" என்பதுதானே. /16 முதல் /28 வரை எதையும் கொடுக்கலாம், எண் கூடினால் தொகுதி சிறிதாகும். ஒவ்வொரு சப்நெட்டிலும் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) ஐந்து முகவரிகளை அமேசான் தனக்கென எடுத்துக்கொள்ளும். ஆக /28 என்றால் 16இல் 11தான் மிச்சம். சப்நெட் கணக்கு தெரியாதவர் அங்கே என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் /16 கொடுத்துவிட்டு, பிறகு அலுவலக நெட்வொர்க்கோடு விபிஎன் இணைக்கும் நாளில் இரண்டு பக்கமும் ஒரே 10.0 முகவரிகள் என்று தெரிந்து விழிப்பார். இந்தப் பஞ்சாயத்தைத் தீர்ப்பதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் உண்டு.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் நாவெல் நெட்வேர் என்ற சர்வர் மென்பொருளின் சிஎன்இ சான்றிதழ்தான் ராஜா. பிறகு விண்டோஸ் என்டி 4.0 வந்தது, எம்சிஎஸ்இ அலை அடித்தது. படித்து ஒப்பித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் பெருகி, "காகித எம்சிஎஸ்இ" என்று கேலி செய்யும் அளவுக்குப் போனது. சிசிஎன்ஏ 1998இல்தான் வந்தது. நெட்வேர் போய்விட்டது, எம்சிஎஸ்இயும் போய்விட்டது. ஐபியின் நான்காம் பதிப்பை விவரிக்கும் ஆவணம் 1981இல் வந்தது. உங்கள் கிளவுட் இன்றும் அதில்தான் ஓடுகிறது. எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் அதற்குள் இருக்கும் இந்தப் பகுதிக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

மேகநாதம்

விபிசி விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்விட்சுகளில் சுழல் இணைப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும், பல கேபிள்களை ஒன்றாக்கும் ஈதர்சேனலும் கிளவுட் வேலைக்கு எதற்கு? பாடத்திட்டத்தில் பாதி எனக்குப் பயன்படாது.

வேளச்சேரி வேந்தன்

உங்களுக்குப் பயன்படாமல் இருக்கலாம். கேள்வி கேட்டவர் நூற்பாலை அலுவலகத்தில் இருக்கிறார். அங்கே யாரோ ஒருவர் சுவரில் தொங்கும் கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகுவார். ஸ்பானிங் ட்ரீ சரியாக இல்லையென்றால் பிராட்காஸ்ட் புயல் கிளம்பி முழுக் கட்டடமும் நின்றுவிடும். தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி, துறைமுகம் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன. தவிர 200-301 பாடத்திட்டத்தில் பத்து சதவீதம் தானியக்கம். 2024 ஆகஸ்டில் வந்த 1.1 பதிப்பில் ஆன்சிபிளோடு டெர்ராஃபார்ம் என்ற இன்னொரு தானியக்கக் கருவியும் சேர்ந்துவிட்டது. சிஸ்கோவும் தூங்கவில்லை.

நல்லூர் நிலா (யாழ்ப்பாணம்)

சிறுவாணித் தம்பி, பயிற்சி நிலையம் இல்லாமலும் படிக்கலாம் என்பதற்கு நான் ஒரு சாட்சி. இங்கே எங்களுக்குப் பெரிய தடை பாடம் அல்ல, டாலர். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்தது. அந்த ஆண்டு நடுவில் 360ஐத் தொட்டது. 60,000 ரூபாய்ப் பரீட்சை ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. என்னோடு படித்தவர்களில் பலர் அந்த ஆண்டு பரீட்சையைத் தள்ளிப் போட்டார்கள். தோற்றால் மறுபடி முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற பயத்தில் நான் தேவைக்கு அதிகமாகவே படித்தேன். அது ஒருவகையில் நன்மையாகத்தான் முடிந்தது.

நெட்வொர்க்கைக் கணினிக்குள்ளேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி இணையத்தளத்தில் பதிவு செய்தால் இறக்கிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். நான் செய்த முறை இதுதான்: ஒரு பாடம் வாசித்ததும் அதைக் கட்டுவேன். கட்டியது வேலை செய்ததும் ஒரு கட்டளையை வேண்டுமென்றே அழித்துவிட்டு, என்ன உடைகிறது, நிலையைக் காட்டும் ஷோ கட்டளைகளில் அது எப்படித் தெரிகிறது என்று பார்ப்பேன். இரவில் மின்சாரம் இல்லாத நாட்களில் கொப்பியில் சப்நெட் கணக்கு. 192.168.10.77/27 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? /27 என்றால் 32, 32ஆகத் தாவும். 64இல் தொடங்கி 95இல் முடியும். எனவே நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95. இதைப் பேனா இல்லாமல் சில வினாடிகளில் சொல்லும் வரை பரீட்சைக்குப் பதிய வேண்டாம். நேரம் 120 நிமிடம்தான், ஒரு வினாவை விட்டுத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. சில வினாக்களில் மெய்நிகர் ரவுட்டரில் நீங்களே கட்டளை இட வேண்டியிருக்கும்.

மின்னல் வேகம்

இவ்வளவு சிரமம் எதற்கு? என்னிடம் அண்மைய வினா விடைத் தொகுப்பு இருக்கிறது, அப்படியே வருகிறது. ஒரு வாரம் மனப்பாடம் செய்தால் போதும். வேண்டுவோர் தனிச்செய்தி அனுப்புங்கள். [இணைப்பு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

இணைப்பை நீக்கியிருக்கிறேன். தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிட மாட்டேன், வெளியான வினாக்களைப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் பறிபோகும், மறுபடி எழுதத் தடையும் வரும். அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

வேளச்சேரி வேந்தன்

மட்டுறுத்துநர் விதியைச் சொன்னார், நான் நேர்காணல் அறையைச் சொல்கிறேன். தொகுப்பை மனப்பாடம் செய்தவரை அடையாளம் காண ஐந்து நிமிடம் போதும். "ஓஎஸ்பிஎஃப்பின் நிர்வாகத் தொலைவு எவ்வளவு?" என்றால் 110 என்று பட்டென்று வரும். (ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பரிமாறும் நெறிமுறை. நிர்வாகத் தொலைவு என்பது வழி வந்த இடத்தை எவ்வளவு நம்பலாம் என்ற எண், குறைந்தால் நம்பிக்கை அதிகம். ஸ்டாட்டிக் என்பது கையால் எழுதிய வழி.) "ஒரே இலக்குக்கு ஸ்டாட்டிக் வழி /16 ஆகவும், ஓஎஸ்பிஎஃப் வழி /24 ஆகவும் இருக்கிறது. பாக்கெட் எதில் போகும்?" என்றால், "ஸ்டாட்டிக்கின் தொலைவு 1, எனவே ஸ்டாட்டிக்" என்பார். தவறு. நீளமான முன்னொட்டு உள்ள /24 வழியில்தான் போகும். ஒரே முன்னொட்டுக்கு இரண்டு இடத்திலிருந்து வழி வந்தால்தான் நிர்வாகத் தொலைவு பேச்சுக்கே வரும். நல்ல பையன்கள் இப்படி வெளியே போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வங்கியின் இணைப்பு அறுந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

லினக்ஸ் மலர் (சிங்கப்பூர்)

எல்லோரும் சிஸ்கோவையே பேசுகிறீர்கள். தம்பி "நெட்வொர்க் அல்லது சர்வர்" என்று எழுதியிருந்தார். சர்வர் பக்கம் பற்றி நான் சொல்கிறேன்.

ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் தொகுப்பை மனப்பாடம் செய்து ஏமாற்றுவது கடினம், ஏனென்றால் அதில் தேர்ந்தெடுக்கும் வினாவே கிடையாது. மூன்று மணி நேரம், உங்கள் முன் சர்வர்கள், செய்து முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல். 300 மதிப்பெண்ணில் 210 எடுக்க வேண்டும். இணையம் கிடையாது, சர்வரிலேயே இருக்கும் மேன் பக்கங்கள் என்ற கையேடு உண்டு. தேடுபொறியில் தேடி ஒட்டியே பழகியவர்கள் அங்கே கையைப் பிசைவார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் நேர்மையான தேர்வு என்றால் இதுதான்.

எங்கே சறுக்குகிறார்கள் என்றால், மறுதொடக்கத்தில். நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையும் சர்வரை அணைத்து ஏற்றிய பின்பும் நிலைத்திருக்க வேண்டும். ஃபயர்வாலில் "பெர்மனன்ட்" சேர்க்காமல் இட்ட விதி, ஏற்றியதும் காணாமல் போகும். சேவையைத் தொடங்கிவிட்டு, ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் தானாக ஓட "எனேபிள்" செய்யாமல் விடுவார்கள். இவற்றிலாவது அந்தந்த வேலையின் மதிப்பெண்தான் போகும். எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை என்றால் சர்வர் அவசர நிலையில் போய் நின்றுவிடும். ஏறாத சர்வரில் திருத்துபவருக்குப் பார்க்க எதுவும் இருக்காது. கோப்பைத் திருத்தியதும், அதில் உள்ளவற்றை உடனே இணைக்கும் "மவுன்ட் -ஏ" கட்டளையை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் கைவிரலில் ஊற வேண்டும்.

இன்னொன்று லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ். நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகள் பலவற்றில் முதல் நாளே அதை அணைத்து வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தேர்வில் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கும். வெப் சர்வரை 82ஆம் போர்ட்டில் ஓட்டச் சொன்னால், ஃபயர்வாலைத் திறந்தும் ஓடாது. அந்தப் போர்ட்டுக்கு எஸ்இலினக்ஸ் அடையாளமும் கொடுக்க வேண்டும்.

பயிற்சிக்கு, ரெட் ஹாட்டை ஒத்த ராக்கி லினக்ஸ், ஆல்மா லினக்ஸ் இரண்டும் இலவசம். ரெட் ஹாட்டே நிரலாளர் கணக்கில் 16 கணினிகள் வரை இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் இரண்டு மெய்நிகர் சர்வர்களை ஓட்டலாம். வேலை கிடைத்த பின்பும் இது கைகொடுக்கும். வட்டு நிரம்பிவிட்டது என்று டிஎஃப் கட்டளை சொல்கிறது, கோப்புகளின் அளவை டியூ கட்டளையால் கூட்டினால் பாதிகூட இல்லை. அப்போது அழிக்கப்பட்ட பதிவுக் கோப்பை எந்த நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேட வேண்டும். இதை எந்தத் தேர்வும் நேராகக் கேட்காது, பணியிடம் கேட்கும்.

சிறுவாணி (கோவை)

அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. காந்திபுரம் யோசனையை விட்டுவிட்டேன். அப்பாவிடம் இந்த இழையையே படித்துக் காட்டினேன். "எம்சிஎஸ்இ செத்துப்போனதை அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். இப்போது ஒரே குழப்பம்: சிசிஎன்ஏவா, ஆர்எச்சிஎஸ்ஏவா? எது முதலில்? நெட்வொர்க் பிளஸ் என்று ஒன்றும் சொல்கிறார்களே?

பழைய கன்சோல் (சென்னை)

நெட்வொர்க் பிளஸ், காம்ப்டியா அமைப்பின் சான்றிதழ். நல்ல பாடம், எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது, 90 நிமிடம். ஆனால் இங்குள்ள வேலை விளம்பரங்களில் அதன் பெயரை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். அமெரிக்காவில் நிலைமை வேறு. உனக்கு வேண்டாம்.

என் கருத்து: சிசிஎன்ஏ முதலில். ஏனென்றால் உன்னிடம் சர்வர் அறைச் சாவி இருக்கிறது. ஒப்பந்ததாரர் வரும் நாளில் டீ வாங்கப் போகாமல் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார். மேலாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு ஸ்விட்சின் அமைப்பை நகல் எடுத்து வைக்கும் பொறுப்பை வாங்கிக்கொள். யாரும் செய்ய விரும்பாத வேலை அது, மறுக்க மாட்டார்கள். அப்புறம் விண்ணப்பத்தில் சான்றிதழுக்குக் கீழே எழுத உண்மையான ஒரு வரி இருக்கும்.

லினக்ஸ் மலர் (சிங்கப்பூர்)

நான் உடன்படவில்லை. சர்வர் நிர்வாகியாக வேண்டும் என்றால் லினக்ஸ் முதலில். நெட்வொர்க்கை அதனோடு சேர்த்துப் படிக்கலாம். சிசிஎன்ஏ தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆன்சிபிள், கன்டெய்னர், கிளவுட் எல்லாவற்றுக்கும் கதவு லினக்ஸ்தான்.

பழைய கன்சோல் (சென்னை)

மலர், உங்கள் ஊரில் சரி. கோவையில் டெஸ்க்டாப் சப்போர்ட்டிலிருந்து அடுத்த படி ஏறுபவருக்கு நெட்வொர்க் வேலைதான் பக்கத்தில் இருக்கிறது. லினக்ஸுக்கு நேர்முகம் போனால் "உற்பத்திச் சர்வரில் அனுபவம் உண்டா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

லினக்ஸ் மலர் (சிங்கப்பூர்)

அதே கேள்வியை நெட்வொர்க்கிலும் கேட்பார்கள் ஐயா. சரி, தம்பி முடிவு செய்யட்டும்.

நல்லூர் நிலா (யாழ்ப்பாணம்)

இரண்டுமே மூன்று ஆண்டுகள்தான் செல்லுபடியாகும், அதையும் கணக்கில் வையுங்கள். சிசிஎன்ஏவைப் புதுப்பிக்க மறுபடி தேர்வு எழுதலாம், அல்லது தொடர்கல்விப் புள்ளிகள் 30 சேர்க்கலாம். மைக்ரோசாஃப்டின் ஏஇசட்-104 ஓராண்டுதான், ஆனால் புதுப்பித்தல் இணையத்திலேயே இலவசம். இரண்டு சான்றிதழையும் ஒன்றாக வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தால் இரண்டும் ஒன்றாகக் காலாவதியாகும். ஒன்று வாங்குங்கள், வேலைக்குப் போங்கள், அடுத்ததற்கு நிறுவனத்தைப் பணம் கட்ட வையுங்கள்.

சிறுவாணி (கோவை)

சிசிஎன்ஏ என்று முடிவு செய்துவிட்டேன். மேலாளர் நகல் எடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார், மாற்ற அனுமதி இல்லை, பார்க்க மட்டும்.

பாக்கெட் ட்ரேசரில் ஒரு சிக்கல். ஒரு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், விலான் 10, விலான் 20. ரவுட்டரின் ஒரே இன்டர்ஃபேசில் இரண்டு சப்-இன்டர்ஃபேஸ் செய்து, டாட்1க்யூ எண்களும் (எந்த விலான் என்று குறிப்பவை) ஐபியும் கொடுத்துவிட்டேன். இன்டர்ஃபேஸ் இயங்குகிறது. ஒரே விலானுக்குள் பிங் (சோதனைச் செய்தி) போகிறது. கேட்வேக்குக்கூடப் போகவில்லை. "ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்" கொடுத்தால் வெறுமையாக வருகிறது. பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் இணைப்பு தானாகவே பேசி அமையும் என்று படித்தேனே?

நல்லூர் நிலா (யாழ்ப்பாணம்)

இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் என்றால் டிடிபி என்ற சிஸ்கோ நெறிமுறை மூலம் பேசிக்கொள்ளும், அதுவும் ஒரு பக்கமாவது கேட்க வேண்டும். ரவுட்டர் டிடிபி பேசாது. உங்கள் ஸ்விட்ச் போர்ட் "டைனமிக் ஆட்டோ"வில் யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறது. யாரும் கேட்காததால் ஒரே விலானுக்கான ஆக்சஸ் போர்ட்டாகவே, விலான் 1இலேயே இருக்கிறது. ரவுட்டரை நோக்கிய போர்ட்டில் "ஸ்விட்ச்போர்ட் மோடு ட்ரங்க்" கொடுங்கள்.

சிறுவாணி (கோவை)

பிங் போய்விட்டது! முதல் பிங் மட்டும் தோற்றது, மற்ற மூன்றும் வந்துவிட்டன.

பழைய கன்சோல் (சென்னை)

முதல் பிங் தோற்றது, ஏஆர்பி நெறிமுறை எதிர்முனையின் வன்பொருள் முகவரியைத் தேடும் நேரத்தில். அதையும் சிமுலேஷன் முறையில் ஒவ்வொரு பாக்கெட்டாக ஓட்டிப் பார். அடுத்து இன்னொரு ஸ்விட்சைச் சேர்த்து, நடுவில் ட்ரங்க் போட்டு, நேட்டிவ் விலானை (ட்ரங்கில் எண் குறிக்காமல் போகும் விலான்) ஒரு பக்கம் மட்டும் 99 என்று மாற்று. கன்சோலில் என்ன செய்தி வருகிறது, அதை எந்த நெறிமுறை கண்டுபிடித்துச் சொல்கிறது என்று எழுது. விடையை வேறு யாரும் இங்கே போட வேண்டாம்.